வீட்டுப் பட்டறையில சைக்கிள் ஃப்ரேம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்லயே ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம் கட்டறதைப் பத்தி எழுதியிருந்தோம், அதுக்கு வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து இங்க பதில் போட்டிருக்கேன். பேர் வேணாம்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: சார், மாடில 10க்கு 10 ஷெட் ஒண்ணு இருக்கு. லேத்து, மில்லிங் எதுவும் கிடையாது, ஜிக் (பைப்புகள சரியான கோணத்துல பிடிச்சு வைக்கற சட்டம்) வாங்கற அளவுக்கு காசும் இல்ல. இத வச்சு ஃப்ரேம் கட்ட முடியுமா, இல்ல ஆசைய விட்ரணுமா?

பதில்: விடாதீங்க. 10க்கு 10 தாராளம். அமெரிக்காவுல பேர் போன ஃப்ரேம் கட்டுறவர் டாம் ரிட்சி பள்ளிக்கூட வயசுலயே கலிஃபோர்னியால அப்பா அம்மா வீட்டு காரேஜ்ல உக்காந்து ஃப்ரேம் கட்ட ஆரம்பிச்சவர். 1977ல அதே ஊர்க்காரர் இன்னொருத்தர், ஜோ பிரீஸ், மலைப்பாதைக்குன்னே கட்டின மொத வண்டியும் பெரிய ஃபேக்டரில பொறக்கல, அது இப்ப ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு.

உங்களுக்கு வேண்டியது நல்லா கனமான பெஞ்ச் வைஸ் ஒண்ணு, ஹாக்ஸா, வெவ்வேற வளைவுல அரை வட்ட அரம் ரெண்டு மூணு, வெர்னியர் காலிப்பர், கோணம் பாக்க ஒரு புரொட்ராக்டர், அப்பறம் ஃப்ரேம் முழுசையும் அதே சைஸ்ல வரைய ஒரு பிளைவுட் பலகை. கம்ப்யூட்டர்ல வரைஞ்சாலும் பலகைல ஒரு தடவ 1க்கு 1 அளவுல கோடு போட்டுடுங்க, ஏன்னா வெட்டின பைப்ப அந்தக் கோட்டு மேல வச்சுப் பாக்கும்போதே தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சுடும், திரைல பாத்தா தெரியாது. வைஸ்ல பைப்ப நேரா கடிக்க விடாதீங்க, மெல்லிசு பைப்பு நசுங்கிடும். மரக்கட்டைல பைப் சைஸுக்கு ஓட்டை போட்டு, கட்டைய நடுவுல ரெண்டா அறுத்து, அதுக்குள்ள பைப்ப வச்சுப் பிடிங்க.

சமதளத்துக்கு ஒரு வழி சொல்றேன். கிரானைட் கடைல சமையல் மேடைக்கு அறுத்தது போக மிச்சத் துண்டு கிடக்கும், பாலிஷ் போட்ட தடிமனான துண்டா பாத்து எடுத்து, ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேல குறுக்க நெடுக்க வச்சு அடில வெளிச்சம் வருதான்னு பாருங்க. மெஷின் கடைல இருக்கற சர்ஃபேஸ் பிளேட் அளவுக்கு துல்லியம் வராது, ஆனா ஃப்ரேம் கோணலா இல்லையான்னு சொல்ற அளவுக்கு வரும். ஜிக் வாங்கற காச நல்ல அரத்துக்குப் போடுங்க, நான் இதுல உறுதியா இருக்கேன்.

சேலம் வாசகர்: வணக்கம் சார். இங்க ஃபர்னிச்சர் பைப்பு, ஜிஐ பைப்பு ரெண்டும் சல்லிசா கிடைக்குது. வெளிநாட்டு பைப் விலைய பாத்தா தலை சுத்துது. இரும்பு இரும்புதானே, எதுல கட்டினா என்ன?

பதில்: ஜிஐ பைப்ப மொதல்ல தள்ளி வச்சிடுங்க. அது மேல பூசியிருக்கறது துத்தநாகம், கேஸ் டார்ச் நெருப்ப காட்டினதும் வெள்ளைப் புகை கெளம்பும், அத சுவாசிச்சா சில மணி நேரத்துலயே குளிரும் காய்ச்சலும் வந்து படுத்துடுவீங்க. காயலான் கடைல எடுத்த சாமானா இருந்தாலும் சரி, மேல பளபளன்னு முலாம் பூசினது எதையும் அப்படியே சூடு காட்டக் கூடாது.

ஃபர்னிச்சர் பைப்பு பழக நல்லது. கைக்கு நெருப்பு பழகற வரைக்கும் அதுலயும், பழைய உடைஞ்ச சைக்கிள் ஃப்ரேம்லேர்ந்து அறுத்த துண்டுலயும் போட்டுத் தள்ளுங்க. ஓட்டற ஃப்ரேமுக்கு 4130ன்னு சொல்ற குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) பைப்பு வாங்குங்க.

"இரும்பு இரும்புதானே"ன்னு கேட்டீங்கல்ல, அதுல பாதி உண்மை இருக்கு. எல்லா ஸ்டீலுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், சாதா இரும்பானாலும் ஒசத்தி ரகமானாலும் ஒரே அளவு, ஒரே தடிமன் பைப்பு ஒரே மாதிரிதான் வளையும். வித்தியாசம் எங்கன்னா, எவ்வளவு பாரத்துல நிரந்தரமா வளைஞ்சு போகும், எத்தன லட்சம் அதிர்ச்சிக்கு அப்பறம் விரிசல் விடும்ங்கறதுல. பலம் ஜாஸ்தின்னா பைப்ப மெல்லிசாக்கலாம், மெல்லிசாக்கினா எடை குறையும். 28.6 மி.மீ. பைப்பு 0.9 மி.மீ. தடிமன்ல 1 மீட்டருக்கு சுமார் 615 கிராம் வரும், அதே 0.6ன்னா 415 கிராம்தான். விறைப்பு வேணும்னா தடிமன ஏத்தாதீங்க, விட்டத்த ஏத்துங்க. அதே 0.9 தடிமன்ல 28.6லேர்ந்து 31.8க்குப் போனா விறைப்பு 35 சதவீதத்துக்கு மேல ஏறிடும், எடை கொஞ்சம்தான் கூடும்.

இங்கதான் பட்டட் பைப்பு வருது, அதாவது ஜாயின்ட் வர்ற முனைல 0.9, நடுவுல 0.6. பர்மிங்காம்ல ரெனால்ட்ஸ் கம்பெனி (பேனா கம்பெனி இல்ல, இது வேற) 1897ல இதுக்கு பேட்டன்ட் வாங்கிச்சு, 1935ல அவங்க விட்ட 531ங்கற மாங்கனீஸ் மாலிப்டினம் பைப்புலதான் அதுக்கப்பறம் பல பத்து வருஷம் ஐரோப்பாவோட நல்ல ரேஸ் வண்டிங்க ஓடிச்சு. இதுல நமக்கும் ஒரு ஒட்டு உண்டு. 1949ல அம்பத்தூர்ல முருகப்பா குழுமத்தோட சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ ஆரம்பிச்ச அதே இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பத்துக்குள்ளதான் அப்ப ரெனால்ட்ஸும் இருந்துச்சு. நம்ம தாத்தா ஓட்டின ஹெர்குலிஸும், அங்க ரேஸ்ல ஓடின 531ம் ஒரே முதலாளி வீட்டு சமாச்சாரம், ஆனா அந்த பைப்பு மட்டும் நம்ம தெருவுக்கு வரல.

பட்டட் வாங்கினா ஒரு எச்சரிக்கை. எந்த முனைல தடிமன் எத்தன நீளத்துக்கு இருக்குன்னு சப்ளையர் தர்ற டிராயிங்க பாத்து பைப் மேலயே மார்க்கர்ல எழுதிட்டு அப்பறம் அறுங்க. இஷ்டத்துக்கு ஒரே பக்கம் அறுத்துட்டா 0.6 மெல்லிசு பாகம் ஜாயின்ட்ல வந்து நிக்கும், ஃப்ரேம் அங்கதான் உடையும். மொத ஃப்ரேமுக்கு முழு நீளமும் 0.9ல ஒரே தடிமனா இருக்கற 4130 போதும். ரெனால்ட்ஸோட 853 மாதிரி ரகமெல்லாம் டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு மூட்டத்துல டங்ஸ்டன் முனையால பண்ற வெல்டிங்) பண்ணி ஆறினப்பறம் பலம் ஏறற ஸ்டீலு, அதோட அருமை தெரியற அளவுக்கு கை பழகினப்பறம் வாங்கிக்கலாம்.

மதுரை வாசகர்: அண்ணே, எங்க தெரு வெல்டிங் கடை அண்ணன் "கேட்டு, கிரில்லு எல்லாம் ஆர்க்லதான ஒட்டுறேன், இதையும் ஒட்டித் தாரேன்"ங்கறாரு. கேஸு, பித்தளை, வெள்ளின்னு எதுக்கு இம்புட்டு செலவு?

பதில்: தம்பி, அந்த அண்ணன் கை சுத்தமாவே இருக்கலாம், ஆனா கிரில் கம்பிக்கும் 0.9 மி.மீ. பைப்புக்கும் ரொம்ப தூரம். ஆர்க் ராடு அந்த மெல்லிசுல ஓட்டை போட்டுடும், போடலன்னாலும் வெல்டுக்குப் பக்கத்துல இருக்கற இரும்ப உருகற அளவுக்கு சூடாக்கி சட்டுனு ஆற விட்டா அந்த இடம் உடையற பதத்துக்கு வந்துடும். டிக் வெல்டிங் தெரிஞ்சவர் கிடைச்சா அது வேற, இன்னைக்கு நிறைய ஸ்டீல் ஃப்ரேம் அதுலதான் வருது, ஆனா அதுக்கு மெஷின் வேணும், வருஷக்கணக்கா பழகின கை வேணும்.

வீட்ல பழகறவங்களுக்கு கேஸ் வச்சு பத்தவைக்கறதுதான் (பிரேசிங், அதாவது பைப்ப உருக்காம வேற உலோகத்த உருக்கி ஒட்டறது) சரி. இரும்பு உருக 1,450 டிகிரிக்கு மேல போகணும். பித்தளை ராடு 870லேர்ந்து 890க்குள்ள உருகும், 56 சதவீத வெள்ளி ராடு 618ல உருக ஆரம்பிச்சு 652ல தண்ணியா ஓடும். ரெண்டுலயும் பைப்பு உருகறதே இல்ல, அதனால தப்பு பண்ணினா திரும்ப சூடாக்கி கழட்டிக்கூட எடுக்கலாம்.

வெள்ளி எதுக்குன்னா லக் போட்டு கட்டறதுக்கு. லக்குன்னா நம்ம பழைய கருப்பு சைக்கிள்ல ஹேண்டில் பக்கம் பைப்பு ரெண்டும் போய் சொருகியிருக்கும்ல, அந்த சாக்கெட்டு. லக்குக்கும் பைப்புக்கும் நடுவுல 0.1 மி.மீ. ஒட்டி இடைவெளி இருந்தா உருகின வெள்ளி தானா உள்ள இழுத்துக்கும். இடைவெளி ஜாஸ்தியா இருந்தா இழுக்காது, மேலயே வழியும். லக் இல்லாம பைப்போட பைப்ப நேரா சேர்க்கறவங்க பித்தளைய மூலைல குவிச்சு வளைவா போடணும், ரிட்சி பேர் வாங்கினது அதுலதான்.

இப்ப நெருப்பு விஷயம். பைப்பு வெளிய, லக்கு உள்ளன்னு ரெண்டையும் எமரி போட்டு பளிச்சுனு தேச்சு, ஃப்ளக்ஸ் பசைய (சூட்ல இரும்பு மேல ஆக்சைடு படியாம காக்கறது) ரெண்டுலயும் தடவி சொருகிட்டு, டார்ச்ச அகலமா ஆட்டிக்கிட்டே சூடு காட்டுங்க. பசை மொதல்ல கொதிச்சு நுரைக்கும், அப்பறம் காஞ்சு வெள்ளையா பொரியும், அப்பறம் 600 டிகிரி ஒட்டி வரும்போது திடீர்னு தெளிஞ்சு தண்ணி மாதிரி பைப்பு மேல பரவும். அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கணும். அப்ப ராட லக்கோட விளிம்புல தொட்டுப் பாருங்க, ராடு நெருப்புல உருகக் கூடாது, பைப்பு சூட்ல உருகணும், இது ரொம்ப முக்கியம். உருகினதும் டார்ச்ச லக்கோட எதிர் விளிம்புக்கு நகத்துங்க, வெள்ளி சூட்டத் தேடி உள்ள ஓடி அந்தப் பக்கம் மெல்லிசு கோடா வெளிய எட்டிப் பாக்கும். சுத்தி முழுக்க அந்தக் கோடு தெரிஞ்சா உள்ள நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். வெயில்ல உக்காந்து இந்த வேலைய பண்ணாதீங்க, நிழல் இடத்துல பண்ணினாதான் இரும்போட நிறம் தெரியும், மங்கின சிவப்பு வந்தாலே வெள்ளிக்குப் போதும், ஆரஞ்சுக்குப் போயிட்டா ஃப்ளக்ஸ் கருகிடும், அதுக்கப்பறம் எத்தன ராடு உருக்கினாலும் ஒட்டாது, ஆற வச்சு சுத்தம் பண்ணி மறுபடி மொதல்லேர்ந்து வரணும்.

வெங்காரம் போதுமான்னு சிலர் கேட்டிருந்தாங்க. பித்தளைக்குப் போதும், நம்ம பட்டறைல காலங்காலமா அதான். வெள்ளிக்கு ஆகாது, ஏன்னா வெங்காரம் உருகவே 740 டிகிரி தாண்டணும், அதுக்குள்ள வெள்ளி ராடு ஓடி முடிஞ்சிடும். வெள்ளிக்குன்னு தனி ஃப்ளக்ஸ் வாங்குங்க.

இன்னொண்ணு, பைப்போட ரெண்டு முனையும் அடைச்சு போற இடத்துல எல்லாம் முன்னாடியே சின்ன ஓட்டை போட்டுடணும். உள்ள மாட்டின காத்து சூட்ல விரிஞ்சு போக வழி இல்லன்னா உருகின உலோகத்த வெளிய தள்ளிடும், ரொம்ப அடைபட்டா பைப்பே வெடிச்சு மூஞ்சில அடிக்கும். ஃப்ரேம் கட்டறதுல இந்த ஒரு ஓட்டைய மட்டும் "அப்பறம் பாத்துக்கலாம்"னு விடக் கூடாது.

திருப்பூர் வாசகர்: ஹோல் சா (வட்டமா வெட்டற ரம்பம்) போட்டு பைப் முனைய வளைவா வெட்டினேங்க. ஒரு பக்கம் ஒட்டுது, இன்னொரு பக்கம் 1 மி.மீ. மேல சந்து தெரியுது. பித்தளை வச்சு ரொப்பிட்டா போதுமுங்களா?

பதில்: போதாதுங்க. இந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லத்தான் இந்தப் பகுதியவே எழுதறேன்னு வச்சுக்குங்க. ஃப்ரேம் கட்டறதுல டார்ச் கைல இருக்கற நேரம் கொஞ்சம்தான், மிச்சம் முழுக்க அரம். பைப்பு பைப்போட சுத்தி முழுக்க தொட்டு உக்காந்தா பாரம் இரும்புலேர்ந்து இரும்புக்குப் போகும், நடுவுல இருக்கற பித்தளை பிடிச்சு வைக்கற வேலைய மட்டும் பாக்கும். சந்து இருந்தா அத்தன பாரத்தையும் அந்தப் பித்தளை சுமக்கணும், அது அவ்வளவு பலமான சாமான் இல்ல. அது மட்டுமில்ல, சூடு பட்டு ஆறும்போது சந்து இருக்கற பக்கம் பைப்பு இழுத்துக்கிட்டுப் போகும், ஃப்ரேம் கோணறதுக்குப் பாதி காரணம் இதான்.

சரி எப்படி பண்றதுன்னா, ஹோல் சால வெட்டினத ஆரம்பமா மட்டும் வச்சுக்குங்க, முடிவா வச்சுக்காதீங்க. பைப் விட்டம், எதுல போய் உக்காருதோ அந்த பைப்போட விட்டம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோணம், இந்த மூணையும் போட்டா வளைவ பேப்பர்ல பிரின்ட் எடுத்துத் தர்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அந்த பேப்பர பைப்புல சுத்தி ஒட்டி, கோட்டுக்கு அரை மி.மீ. மிச்சம் விட்டு வெட்டிட்டு, அரை வட்ட அரத்தால கோடு வரைக்கும் வாங்க. அரத்தோட வளைவு எதிர் பைப்ப விட கொஞ்சம் சின்னதா இருக்கணும், பெருசா இருந்தா விளிம்பு ரெண்டும் ஏறி நடுவுல குழியாது. அரத்த நேரா தள்ளாம லேசா உருட்டிக்கிட்டே தள்ளுங்க.

கோடு வந்தப்பறம்தான் நெசமான வேலை ஆரம்பிக்குது. எதிர் பைப்பு மேல மார்க்கர் மசிய தடவி, வெட்டின முனைய அது மேல வச்சு லேசா ஆட்டி எடுங்க. மசி ஒட்டின இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். மேட்ட மட்டும் ரெண்டு இழுப்பு. மறுபடி வச்சுப் பாருங்க. பைப்புக்குள்ள சின்ன எல்இடி லைட்ட விட்டு, ரூம் லைட்ட அணைச்சிட்டுப் பாத்தா வெளிச்சம் எங்க கசியுதுன்னு தெரியும், மயிரிழை வெளிச்சம்கூட தெரியாம ஆனாதான் அந்த முனை முடிஞ்சது. பொறுமை போகும், அரத்துல விரல் வலிக்கும், ஆனா இப்படி உக்கார வச்ச ஜாயின்ட்ட கையால பிடிச்சு அழுத்தினாலே அசையாம நிக்கும், அதுக்கப்பறம் பத்தவைக்கறது ஒரு பெரிய காரியமே இல்ல.

பைப்போட ரெண்டு முனையும் ஒரே தளத்துல இருக்கணும்ங்கறது அடுத்த சிக்கல். ஒரு முனை நேரா, மறு முனை ரெண்டு டிகிரி திரும்பிட்டா ரெண்டுமே தனித்தனியா அழகா இருக்கும், சேர்த்தா முறுக்கிக்கும். ஒரு அடி நீளத்துக்கு எல் ஆங்கிள் இரும்பு ஒண்ணு எடுத்து பைப்பு முதுகு மேல கவுத்து வைங்க, அதோட ஓரம் பைப்புக்கு இணையா தானா உக்காந்துக்கும், அந்த ஓரத்த ஒட்டி ஒரு கோடு கிழிச்சிட்டா முனைக்கு முனை நேர்கோடு கிடைச்சிடும். ரெண்டு பேப்பரையும் அந்தக் கோட்டுக்கு நேரா ஒட்டுங்க.

காரைக்குடி வாசகி: சார், நான் சேலை கட்டிக்கிட்டே ஓட்டணும், அதனால மேல் பார் இல்லாம கட்ட ஆசை. பார் இல்லன்னா ஃப்ரேம் ஆடும்னு எங்க வீட்டுல எல்லாரும் பயமுறுத்துறாங்க. உண்மையா?

பதில்: கொஞ்சம் உண்மைம்மா. வைர வடிவ ஃப்ரேம் ரெண்டு முக்கோணம், முக்கோணம் தானா விறைப்பா இருக்கும். மேல் பார கீழ இறக்கினா முன் முக்கோணம் ஒடுங்கி, சீட் பைப்பு நடுவுல பாரம் விழும். வழக்கமான லேடீஸ் சைக்கிள் கேரியர்ல மூட்டைய வச்சா முன்னாடி அலையறது அதனாலதான்.

அதுக்கு மிக்ஸ்ட்டின்னு ஒரு நல்ல வழி இருக்கு. ஒரு தடிச்ச பாருக்குப் பதிலா சின்ன விட்டத்துல ரெண்டு பைப்பு, ஹேண்டில் பக்கத்துலேர்ந்து சரிஞ்சு சீட் பைப்புக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி பின் சக்கர அச்சு வரைக்கும் ஒரே ஓட்டமா போகும். சீட் பைப்பு மேல விழற பாரம் பின் அச்சுக்குப் போயிடும். பக்கத்துக்கு ஒண்ணா ரெட்டை பைப்பு ஓட்டறது பொம்பள வண்டிக்குன்னு மட்டும் வந்த யோசனை இல்ல, முன்னாடி சொன்ன பிரீஸோட 1977 மலை வண்டிலயும் விறைப்புக்காக இதே மாதிரி ரெட்டை பைப்பு உண்டு. வேலை ஜாஸ்தி, கட்டினா ரொம்ப அழகா இருக்கும், உங்களுக்கு அதத்தான் சொல்வேன்.

பாரோட இருக்கற வண்டிய பொம்பளைங்க ஓட்ட முடியாதுன்னு மட்டும் யாரும் சொல்லிட முடியாது. உங்க பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டைல 1990களோட ஆரம்பத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க, ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, லேடீஸ் சைக்கிள் பத்தாம ஜென்ட்ஸ் சைக்கிள ஓட்டினாங்க, பார்ல பிள்ளைய உக்கார வச்சுக்கலாம்னு அதையே விரும்பி எடுத்தவங்களும் உண்டு.

சென்னை வாசகர்: ஹெட் ஆங்கிள் 73ன்னு ஒருத்தர், 71ன்னு ஒருத்தர். ரெண்டு டிகிரில அப்படி என்ன இருக்கு? என் ஒசரம் 160 செ.மீ.

பதில்: நிறைய இருக்கு. ஹெட் ஆங்கிள்ங்கறது ஹேண்டில் திரும்பற பைப்பு தரையோட சாஞ்சு நிக்கற கோணம். முன் சக்கரம் தரையத் தொடற இடம், ஹேண்டில் திரும்பற அச்சு தரையத் தொடற இடத்துக்கு எவ்வளவு பின்னாடி இருக்குங்கறதுதான் டிரெயில், வண்டி தானா நேரா போறது அதப் பொறுத்தது. 700க்கு 28 டயர், ஃபோர்க் வளைவு (சக்கர அச்சு, திரும்பற அச்சுக்கு முன்னாடி தள்ளியிருக்கற அளவு) 45 மி.மீ.ன்னு வச்சுக்கிட்டா 73 டிகிரில டிரெயில் 57 மி.மீ. ஒட்டி வரும், 71ல 69 ஆயிடும். 57ல சட்டுனு திரும்பும், 69ல நேரா போகும் ஆனா மெதுவா போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமா விழப் பாக்கும்.

உங்க ஒசரத்துக்கு வேற ஒரு தொல்லை இருக்கு. சின்ன ஃப்ரேம்ல 700 சக்கரம் போட்டா திரும்பும்போது கால் விரல் முன் சக்கரத்துல இடிக்கும். அத சரி பண்ணன்னு கோணத்த கன்னாபின்னான்னு மாத்தாதீங்க, அத விட சின்னதான 650பி சக்கரம் போட்டு கட்டுங்க. கடைல ரெடிமேடா விக்கற சின்ன சைஸ் ஃப்ரேம்ல பெரும்பாலும் இந்தக் கரிசனம் இருக்காது, கையால கட்டறதோட பெரிய லாபமே இங்கதான்.

திருநெல்வேலி வாசகர்: பிபி ஷெல் எது வாங்கணும்?

பதில்: பெடல் அச்சு உக்கார்ற அந்தக் குழாய் 68 மி.மீ. அகலம், இங்கிலீஷ் த்ரெட். செயின் பக்கம் இடப்புரி, அதனால அந்தப் பக்கம் பேரிங் கப்ப எதிர்த் திசைல முறுக்கணும். இத்தாலியன் 70 மி.மீ. வாங்காதீங்க, பார்ட்ஸ் தேடி அலைவீங்க.

திருச்சி வாசகர்: ஃப்ரேம் நேரா இருக்கான்னு மெஷின் இல்லாம எப்படிப் பாக்கறது?

பதில்: நூல் போதும். பின்னாடி ஒரு டிராப்அவுட்ல (சக்கர அச்சு மாட்டற பிளவு) நூல கட்டி, ஹேண்டில் மாட்டற ஹெட் டியூப சுத்தி கொண்டு வந்து, மறுபக்க டிராப்அவுட்ல இழுத்துக் கட்டுங்க. சீட் பைப்புக்கும் நூலுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் வெர்னியர்ல அளங்க. 1 மி.மீ.க்குள்ள இருந்தா சந்தோஷமா அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஆனா கடைசில மட்டும் பாக்காதீங்க. மொதல்ல சீட் பைப்ப பிபி ஷெல்ல பத்தவச்சு, ஆறவிட்டு, கிரானைட் மேல ஷெல்ல உக்கார வச்சு செங்குத்தா நிக்குதான்னு பாருங்க, அப்பறம் முன் முக்கோணம், அப்பறம் செயின் ஸ்டே (பிபி ஷெல்லேர்ந்து பின் அச்சுக்குப் போற பைப்பு), கடைசில சீட் ஸ்டே (சீட்டுக்கு அடிலேர்ந்து பின் அச்சுக்கு இறங்கற பைப்பு). ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஆறினப்பறம் அளங்க. சூட்ல அளந்தா பொய் சொல்லும்.

யாழ்ப்பாண வாசகர்: அண்ணை, எங்கட பக்கம் உப்புக் காத்து. வெளியில பெயின்ட் நல்லா இருக்கேக்கையே உள்ளுக்குள்ள கறள் பிடிச்சு ஃபிரேம் முறிஞ்சு போகுது. புதுசாக் கட்டேக்க இதுக்கு என்ன செய்யலாம்?

பதில்: நல்ல கேள்வி, நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரங்களும் இதப் படிக்கணும். உள்ள துரு பிடிக்க மொத காரணம் கழுவாம விட்ட ஃப்ளக்ஸ். அது ஈரத்த இழுக்கும், இரும்ப அரிக்கும். பத்தவச்சு ஆறினதும் சுடுதண்ணில முக்கி ஊற வைங்க, முக்க தொட்டி இல்லன்னா துணிய சுத்தி சுடுதண்ணிய திரும்பத் திரும்ப ஊத்துங்க, ஓட்டைகள் வழியா உள்ளயும் விட்டு அலசுங்க. கண்ணாடியா உறைஞ்சு நிக்கற ஃப்ளக்ஸ் கரைஞ்சு இரும்பு தெரியற வரைக்கும் விடாதீங்க. அப்பறம் வெயில்ல நல்லா காய வைங்க.

பிபி ஷெல்லுக்கு அடில ஒரு சின்ன ஓட்டை கட்டாயம், மழைத் தண்ணி சீட் பைப்பு வழியா எறங்கி அங்கதான் தேங்கும். பெயின்ட் முடிஞ்சப்பறம் காய்ச்சின ஆளி விதை எண்ணெய எல்லா பைப்புக்குள்ளயும் விட்டு, ஃப்ரேம திருப்பித் திருப்பிப் பிடிச்சு, மிச்சத்த வடிய விட்டு காய விடுங்க. உள்ள மெல்லிசா ஒரு படலம் பிடிச்சுக்கும், ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப விடலாம். எண்ணெய் தொட்ட துணிய சுருட்டிப் போடாதீங்க, அது தானா சூடாகி தீப்பிடிக்கற வகை, விரிச்சுக் காயப் போடுங்க.

பவுடர் கோட்டிங் 200 டிகிரி ஒட்டித்தான் சுடுவாங்க, வெள்ளி ஜாயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கோட்டிங்குக்கு முன்னாடி ஆசிட் தொட்டில முக்குவாங்கன்னா வேணாம்னு சொல்லுங்க, அந்த ஓட்டைகள் வழியா ஆசிட் உள்ள போய் தங்கிடும். மணல் அடிச்சு சுத்தம் பண்ணச் சொல்லுங்க, மெல்லிசு பைப்புன்னு சொல்லி அழுத்தத்த குறைக்கச் சொல்லுங்க.

வேலூர் வாசகி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் உங்க பத்திரிகைய படிச்சிட்டு மாடில ஆக்சிஜன் சிலிண்டர், கேஸ் எல்லாம் ஏத்திட்டாரு. கொழந்தைங்க இருக்கற வீடு. எனக்கு பயமா இருக்கு, என்னென்ன பாக்கணும்னு சொல்லுங்க.

பதில்: நீங்க பயப்படறது நியாயம்மா, இந்தப் பதில வெட்டி பட்டறை சுவத்துல ஒட்டிடுங்க.

சிலிண்டர் எப்பவும் நிமிந்து நிக்கணும், சங்கிலி போட்டு சுவத்தோட கட்டியிருக்கணும். அசிட்டிலீன படுக்க வச்சா உள்ள இருக்கற திரவமும் சேர்ந்து வெளிய வரும், அதனால அத ஒரு நாளும் படுக்க வச்சு எரிக்கக் கூடாது. ஆக்சிஜன் ரெகுலேட்டர், ஹோஸ் எதுலயும் எண்ணெய், கிரீஸ் கை படக் கூடாது, அழுத்தத்துல வர்ற ஆக்சிஜன் எண்ணெயத் தொட்டா தானா பத்திக்கும். ரெண்டு ஹோஸ்லயும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் (நெருப்பு ஹோஸுக்குள்ள திரும்பிப் போகாம தடுக்கறது) இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா மாட்டற வரைக்கும் டார்ச்ச பத்த வைக்க விடாதீங்க. சமையல் சிலிண்டர எடுத்து பட்டறைக்குத் திருப்பக் கூடாது, அதுக்கு அனுமதியும் கிடையாது, பட்டறைக்குன்னு தனியா கமர்ஷியல் சிலிண்டர் வாங்கணும்.

வெள்ளி ராடு வாங்கும்போது கேட்மியம் இல்லாததான்னு கேட்டு வாங்கணும். மலிவு விலைல வர்ற 45 சதவீத ராடு சிலதுல கேட்மியம் 24 சதவீதம் வரைக்கும் இருக்கும், அந்தப் புகை நுரையீரல கொன்னுடும், உடனே தெரியாது, அதுதான் கொடுமை. வெள்ளி ஃப்ளக்ஸ்ல ஃப்ளோரைடு உண்டு, கையுறை இல்லாம தொடக் கூடாது, கொழந்தைங்க கைக்கு எட்டாத அலமாரில பூட்டி வைக்கணும். ஷெட்ல ரெண்டு பக்கமும் காத்து போக வழி இருக்கணும், வேலை முடிஞ்சு அரை மணி நேரமாவது யாராவது அங்கயே இருந்து எதுவும் புகையுதான்னு பாக்கணும். இதையெல்லாம் பண்ணினா வீட்ல வைக்கலாம். ஒண்ணு குறைஞ்சாலும் கீழ எறக்கச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க.

ஓசூர் வாசகர்: ஃபோர்க்கையும் நானே கட்டிடலாமா?

பதில்: மொத ஃப்ரேமுக்கு வேணாம். ஃப்ரேம்ல விரிசல் விட்டா பெரும்பாலும் கிறீச்சுனு சத்தம் போடும், வண்டி ஆடும், ஏதோ சொல்லும். ஃபோர்க் ஸ்டீரர் (ஹெட் டியூபுக்குள்ள போற ஃபோர்க்கோட தண்டு) உடைஞ்சா ஒண்ணும் சொல்லாது, மூஞ்சி தரைல இருக்கும். நல்ல ஸ்டீல் ஃபோர்க் ஒண்ண விலைக்கு வாங்கி, அச்சுலேர்ந்து கிரவுன் (ஃபோர்க்கோட ரெண்டு காலும் சேர்ற மேல் இடம்) வரைக்கும் அதோட நீளத்த அளந்து, அந்த அளவ வச்சு ஃப்ரேம வரைங்க. வரைஞ்சப்பறம் ஃபோர்க் வாங்கினா 10 மி.மீ. வித்தியாசத்துலயே உங்க ஹெட் ஆங்கிள் அரை டிகிரி மாறிடும்.

ஈரோடு வாசகர்: நண்பர்கள் இப்பவே எனக்கொண்ணு உனக்கொண்ணுன்னு கேக்கறாங்க. வித்து சம்பாதிக்க முடியுங்களா?

பதில்: முடியும், ஆனா இப்ப வேணாம். ஜப்பான்ல 1948லேர்ந்து நடக்கற கெய்ரின் சைக்கிள் ரேஸ பாருங்க, அங்க இன்னைக்கும் அங்கீகாரம் வாங்கின சின்னப் பட்டறைகள் கையால கட்டற ஸ்டீல் ஃப்ரேமுக்கு மதிப்பு இருக்கு. 1977லேர்ந்து 1986 வரைக்கும் தொடர்ந்து 10 வருஷம் ஸ்பிரின்ட்ல உலக சாம்பியனா இருந்த கோயிச்சி நகானோ, யோஷியாகி நகசாவா கட்டின ஃப்ரேம்ல ஓடினவர். சின்னப் பட்டறைன்னா மட்டமில்லங்கறதுக்கு அதுக்கு மேல சாட்சி வேணாம். ஆனா அந்த இடத்துக்கு வர்றவங்க இன்னொருத்தர் பட்டறைல வருஷக்கணக்கா அரம் பிடிச்சுட்டு வந்தவங்க.

அடுத்தவன் உயிர் ஏறி உக்கார்ற சாமான்ங்க இது. கம்பெனிக்காரங்க ஐஎஸ்ஓ 4210 தர சோதனைல பெடல் பாரத்த 1 லட்சம் தடவ மாத்தி மாத்தி குடுத்து விரிசல் வருதான்னு பாக்கறாங்க, உங்ககிட்ட அந்த மெஷின் இல்ல, அதனால அந்த 1 லட்சத்த நீங்களே மிதிக்கணும். மொத ஃப்ரேம ஒரு வருஷமாவது நீங்களே ஓட்டுங்க, மேடு பள்ளம் எல்லாத்துலயும். மாசம் ஒரு தடவ கழுவித் துடைச்சிட்டு வெளிச்சத்துல வச்சு மூணு இடம் பாருங்க: டவுன் டியூப் (பிபி ஷெல்லேர்ந்து முன்னாடி ஏறற பைப்பு) ஹெட் டியூப்ல சேர்ற இடத்துக்கு அடிப்பக்கம், செயின் பக்க ஸ்டே பிபி ஷெல்ல சேர்ற இடம், டிராப்அவுட்ட சுத்தி. பெயின்ட்ல மயிரிழை கோடு தெரிஞ்சா நகத்தால சுரண்டிப் பாருங்க, கோடு இரும்புலயும் இருந்தா அன்னையோட ஓட்டறத நிறுத்திட்டு அந்த ஜாயின்ட்ட அறுத்து உள்ள பாருங்க, வெள்ளி எந்த இடம் வரைக்கும் போயிருக்கு, எங்க நின்னுடுச்சுன்னு அதுலயே தெரிஞ்சுடும். அந்த வருஷம் கோடு எதுவும் வரலன்னா ரெண்டாவது ஃப்ரேமுக்கு பைப் ஆர்டர் போடுங்க, அது நண்பருக்குப் போகலாம்.